செங்கல் பொடி போட்டுத் தேய்த்த லைட்

எங்கள் வீடு மதுரைக் காளவாசலுக்குப் பின்னால் ஒரு முட்டுச்சந்தில் கடைசி வீடு. கதவைத் திறந்தால் எதிரே காரின் முகம்தான் தெரியும். என் வீட்டுக்காரர் சந்துக்குள் நேராக வந்து, வண்டியின் மூக்கு எங்கள் படியைத் தொடுகிற மாதிரி நிறுத்துவார். போகும்போது பின்னாலேயே போவார். இருபது வருஷத்துக்கு மேல் அடுத்தவர் வண்டியை ஓட்டிவிட்டு, தலை நரைத்த பிறகு வாங்கிய சொந்த வண்டி. யாரோ ஓட்டிக் களைத்துப்போய் விற்றதுதான். ஆனாலும் கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி என்று எங்கள் பக்கத்தில் யாருக்கு வண்டி வேண்டுமென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். "அண்ணே ஓட்டுனா தூக்கம் வரும்ணே" என்பார்கள். அதை அவர் பெருமையாகச் சொல்லுவார்.

நான் வாசலில் உட்கார்ந்து கீரை ஆயும்போது அந்த இரண்டு லைட்டும் என் முகத்துக்கு நேராக இருக்கும். வெயில் பட்டுப் பட்டு அவை மஞ்சளாகிவிட்டன. கழுவாத டீ கிளாஸ் மாதிரி ஒரு கறை. அவரும் புலம்பிக்கொண்டுதான் இருந்தார்.

"லைட்டப் போட்டா ரோட்டுல சாம்பார ஊத்துன மாதிரி இருக்கு. ஒரு எழவும் தெரிய மாட்டேங்குது."

சாமான் கடையில் கேட்டதற்கு மொத்தமாகக் கழற்றிவிட்டுப் புதுசு போடவேண்டும் என்றார்களாம். பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

இது ஆயுத பூஜை அன்றைக்கு நடந்தது. வருஷா வருஷம் அன்று காலையில் வண்டியை அவரேதான் கழுவுவார். அந்த வருஷம் அவருக்கு இடுப்புப் பிடிப்பு. குனிய முடியவில்லை. மேலாக ஒரு வாளி தண்ணீரை ஊற்றித் துடைத்துவிட்டு, பொரியும் பூவும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார். நான் அடிகுழாயடியில் பூஜைச் சாமான்களைத் துலக்கிக்கொண்டிருந்தேன். குத்துவிளக்கு, மணி, தாம்பாளம். புளியைக் கரைத்து, செங்கல் பொடியைத் தொட்டு, தேங்காய் நாரால் தேய்த்தால் எப்படிப்பட்ட பித்தளையும் முகம் பார்க்கிற மாதிரி வந்துவிடும். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து செய்கிற வேலை அது. துலக்கி முடித்தபோது கொட்டாங்கச்சியில் புளியும் பொடியும் மிச்சம் இருந்தது. நிமிர்ந்தால் எதிரே மஞ்சளாக அந்த லைட்டு.

நான் அதைக் கண்ணாடி என்று நினைத்திருந்தேன். பிளாஸ்டிக் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் தேய்த்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். விளக்குக்குப் புளியும் செங்கல் பொடியும்தான். அதற்கு மேல் எனக்கு யோசனை ஓடவில்லை. அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது மனசில் இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

இரண்டு லைட்டையும் நன்றாக அழுத்தித் தேய்த்தேன். மஞ்சள் தண்ணீராக வடிந்தது. வடிய வடிய எனக்கு உற்சாகம் வந்தது. ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினேன். உள்ளே இருக்கிற பல்பு, வெள்ளித்தகடு எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. போய்க் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அதற்குள் லைட்டு காய்ந்திருந்தது. காய்ந்த லைட்டு வெள்ளையாக இருந்தது. சுண்ணாம்பு தடவின மாதிரி. மஞ்சளாவது பரவாயில்லை, ஊடே கொஞ்சம் பல்பு தெரியும். இப்போது ஒன்றும் தெரியவில்லை. கையால் துடைத்தேன், முந்தானையால் துடைத்தேன். போகவில்லை. தண்ணீரைத் தெளித்தால் தெளிந்தது, காய்ந்ததும் மறுபடியும் வெள்ளை. என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே போய்த் தேங்காய் எண்ணெயை எடுத்து வந்து, துணியில் தொட்டு, இரண்டின் மேலும் தடவினேன். வெள்ளை மறைந்துவிட்டது. லைட்டு மினுமினு என்று ஆகிவிட்டது. அதன் மேல் சந்தனப் பொட்டு வைத்து, குங்குமம் வைத்தேன். பூவைச் சுற்றிவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

அவர் வந்தார். பார்த்தார்.

"அட. இதென்ன, புது லைட்டாட்டம் இருக்கு. நீயா தேச்ச?"

"ம்."

"பரவாயில்லையே. கடைக்காரன் மாத்தணும்னான். நம்ம வீட்லயே மெக்கானிக் இருக்கறது தெரியாமப் போச்சு."

அவர் என்னைப் பாராட்டுகிற ஆள் இல்லை. குழம்பு நன்றாக இருந்தால் இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான். அன்றைக்குச் சந்தில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் லைட்டைக் காட்டிச் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். எண்ணெய் தடவித்தான் இப்படி இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

மறுநாள் விடிவதற்கு முன்னால் கிளம்பினார். வாடிப்பட்டிக்கு அப்பால் ஒரு ஊரில் பெண் வீட்டாரை ஏற்றிக்கொண்டு வரவேண்டும். போகும்போது தனியாகத்தான் போனார். பனி இறங்கியிருந்தது. வண்டி பின்னாலேயே சந்தை விட்டுப் போனபோது லைட்டு வெளிச்சம் எங்கள் சுவரில் பட்டது. வட்டமாக விழவேண்டியது சுவர் முழுவதும் பரவிக் கிடந்தது. அதைப் பார்த்தேன். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

வாடிப்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால், பெரிய ரோட்டை விட்டு ஊருக்குள் பிரிகிற இடத்தில், பால் கேனைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் வந்த ஒருவரை எங்கள் வண்டி இடித்துவிட்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது கால் இரண்டு இடத்தில் உடைந்துபோனது. ரோடெல்லாம் பால் என்று என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். அவரே தூக்கி வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். மறுநாள் போலீஸ் வந்து கேட்டபோது அந்தப் பால்காரர், "எம்மேல தப்புதான் சார். கண்ணு லேசா அசந்துருச்சு போல, நடு ரோட்டுக்கு வந்துட்டேன்" என்று சொன்னாராம். அதனால் பெரிய வழக்காக ஆகவில்லை.

வெளிச்சமான பிறகு கார் ஸ்டாண்டில் இருக்கிற இன்னொரு டிரைவர்தான் எங்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து விட்டார். முன்பக்கம் ஓரத்தில் நசுங்கியிருந்தது. லைட்டு உடையவில்லை. உடைந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன் என்று அன்றைக்கு நினைத்தேன். அப்படி நினைத்ததையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அவர் வந்து கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

"எனக்குக் கண்ணு போச்சு."

"என்னங்க சொல்றீங்க?"

"எதுக்க ஆளு வாரது தெரியல. வெள்ளையா, பொக பொகயா இருந்துச்சு. கிட்டக்க வந்தப்புறந்தான் தெரியுது."

நான் விசிறியை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன்.

"லைட்டு மேல பழி போட முடியாது. நீதான் முந்துன நாளு பளிச்சுனு தேச்சு வச்சிருந்தியே. அம்புட்டு வெளிச்சம் இருந்தும் தெரியலன்னா, கண்ணுதான் போச்சு."

அந்த வார்த்தையை அவர் ஒரு தடவை சொல்லவில்லை. விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார். லைட்டு பளிச்சென்று இருந்தது, என் பெண்டாட்டி தேய்த்து வைத்திருந்தாள், கண்தான் போய்விட்டது என்று. அப்படிச் சொல்லும்போது நான் அடுப்படியில் ஏதாவது உருட்டிக்கொண்டிருப்பேன்.

மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்து அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எங்கெங்கிருந்தோ பஸ் ஏறி மதுரைக்குக் கண் பார்க்க வருகிறார்கள், இவர் இதே ஊரில் இருந்துகொண்டு அதுவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, வயசுக்கு இது நல்ல கண், லேசாகப் புரை ஆரம்பித்திருக்கிறது, இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம், வண்டி தாராளமாக ஓட்டலாம் என்று சொன்னாராம். இவர் காதில் ஆரம்பம் என்ற ஒரு சொல்தான் விழுந்தது.

"ஆரம்பம்னு சொல்லிட்டாகள்ல. அப்புறம் என்ன."

வண்டிக்கு உறையைப் போட்டு மூடினார். சாவியைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. முதலில் பேப்பர் படிப்பதை நிறுத்தினார். "எழுத்து ஓடுது" என்றார். பிறகு டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். ரோட்டைத் தாண்ட பயமாக இருக்கிறதாம். கார்த்திகை மாதம் வரும்போது வீட்டுக்குள்ளேயே சுவரைத் தடவிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். சோற்றுத்தட்டில் எது பொரியல், எது ஊறுகாய் என்று என்னைக் கேட்டார். அது அவர் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. எனக்குத் தெரியும், அவருக்கு எல்லாம் தெரிகிறது என்று. சுவரில் போகிற பல்லியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் கண் இல்லாத மனுஷனாக வாழ்வது எப்படி என்று அவர் பழகிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் அந்த மனுஷன் பழையபடி ஆகிவிடுவார். அந்த வார்த்தை என்னிடம்தான் இருந்தது. வேறு யாரிடமும் இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், பயம்தான். சொன்னால் ஒரு மனுஷன் காலை உடைத்தது நான் என்று ஆகிவிடும். நான் ஆயுசுக்கும் யார் கண்ணிலும் படாமல் இருந்து பழகினவள். ரேஷன் கடையில்கூட வரிசை முடியட்டும் என்று ஓரமாக நின்று வாங்குகிறவள். ஊர் வாயில் விழுவது எனக்கு ஆகாது. பால்காரரை ஆஸ்பத்திரியில் பார்க்க அவர் இரண்டு தடவை போனார். என்னையும் கூப்பிட்டார். முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன்.

பேசாமலேயே சரி செய்துவிடலாம் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. லைட்டை எப்படியாவது தெளிய வைத்துவிட்டால், ஒரு நாள் அவர் வண்டியை எடுத்துப் பார்ப்பார், எல்லாம் தெரியும், கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவரே புரிந்துகொள்வார். என்னை யாரும் கேட்கமாட்டார்கள்.

முதலில் மகளிடம் போனில் பொதுவாகக் கேட்டேன். "பல்லு வெளக்குற பேஸ்ட்டப் போட்டுத் தேய்ப்பாங்கம்மா, போன்ல பார்த்திருக்கேன்" என்றாள். அவர் மத்தியானம் படுத்ததும் உறையைத் தூக்கிக்கொண்டு அடியில் உட்கார்ந்து தேய்த்துப் பார்த்தேன். எண்ணெயில் புழுதி ஒட்டி, லைட்டு அழுக்குப் பால் மாதிரி இருந்தது. அழுக்கு போனது, வெள்ளை போகவில்லை. பேஸ்ட் வாசம் மட்டும் இரண்டு நாள் இருந்தது.

பிறகு காளவாசலில் ஒரு பெயிண்ட் கடைக்குப் போனேன். கடைக்குப் போவதற்கு முன்னால் எதிரே இருந்த பஸ் ஸ்டாப்பில் வெகுநேரம் நின்றேன். கூட்டம் குறைந்ததும் உள்ளே போனேன். கடைக்காரர் நடுத்தர வயசு ஆள்.

"என்னம்மா வேணும்?"

"கார் லைட்டு வெள்ளையாப் போச்சு. அது தெளியுறதுக்கு."

"மஞ்சளாத்தான போகும். வெள்ளையா எப்படிப் போச்சு?"

"செங்கப் பொடியப் போட்டுத் தேச்சுட்டாங்க. பக்கத்து வீட்டுல."

அவர் சிரித்துவிட்டார். உள்ளே சாமான் எடுத்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, "அண்ணே, இங்க கேளு, கார் லைட்டுக்குச் செங்கப் பொடியாம்" என்றார். அந்த ஆளும் சிரித்தார்.

"அந்தம்மா கையில வெளக்குமாத்தக் குடுங்க, காரக் குடுக்காதீங்க" என்றார் கடைக்காரர். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "வெளாட்டுக்குச் சொல்லலம்மா. அது பிளாஸ்டிக்கு. பூராவும் கீறல் விழுந்திருக்கும். லைட்டப் போட்டா வெளிச்சம் ரோட்டுக்குப் போகாது, அங்கேயே செதறி கண்ணுக்குள்ள அடிக்கும். பனியில ஓட்டிட்டுப் போனா எதுக்க யானை வந்தாலும் தெரியாது. வண்டிய எடுக்க வேணாம்னு சொல்லுங்க பக்கத்து வீட்ல" என்றார்.

"சரி" என்றேன்.

அதுவரை எனக்குச் சந்தேகம்தான். கண் கொஞ்சம் மங்கி இருக்கலாம், பால்காரர் அசந்திருக்கலாம், எல்லாம் சேர்ந்து நடந்திருக்கலாம் என்று ராத்திரிகளில் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கடையில் அது முடிந்துபோனது.

கடைக்காரர் மூன்று விதமான உப்புத்தாள் கொடுத்தார். கறுப்புத் தாள், தண்ணீரில் நனைக்கலாம். எப்படித் தேய்க்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். சுற்றிலும் டேப் ஒட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பெயிண்ட் போய்விடும். முதலில் சொரசொரப்பான தாள், படுக்கை வசத்தில். அது முடிந்ததும் அடுத்த தாள், நெட்டு வசத்தில். கடைசியில் நைஸ் தாள். தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கவேண்டும். அதற்கு மேல் ஒரு பாலிஷ். அதற்கும் மேல் ஒரு கிளியர் ஸ்பிரே, அது அடிக்காவிட்டால் கொஞ்ச நாளில் மறுபடி மஞ்சளாகிவிடுமாம்.

"ஒன்னு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்கம்மா. ஈரமா இருக்கும்போது பாத்துட்டு முடிஞ்சுருச்சுன்னு நெனைக்காதீங்க. காயவிட்டுப் பாருங்க. ஈரம் ஏமாத்திரும்."

நான்கு மத்தியானங்கள் தேய்த்தேன். உறைக்கு அடியில் புழுக்கம் தாங்காது. குத்த வைத்து உட்கார்ந்து, மக்கில் தண்ணீர் விட்டு விட்டுத் தேய்ப்பேன். முதல் தாளில் தேய்க்கும்போது லைட்டு இன்னும் மோசமாகிவிட்டது. அழுகையே வந்துவிட்டது. ஆனால் அப்படித்தான் ஆகும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். பால் மாதிரி தண்ணீர் வடிந்து என் காலடியில் ஓடியது. அதைப் பார்க்காமல் வாளித் தண்ணீரை ஊற்றி ஊற்றி விட்டேன்.

"என்ன சத்தம் அங்க, சர்ரு சர்ருன்னு?" என்று உள்ளேயிருந்து ஒரு நாள் கேட்டார்.

"படி வழுக்குது, தேய்க்கிறேன்."

"வெயில்ல கெடந்து தேய்க்காத."

நைஸ் தாள் முடிந்து பாலிஷ் போட்டுத் துடைத்தபோது, காய்ந்த பிறகும் உள்ளே பல்பு தெரிந்தது. விரலால் தடவினால் வழுவழு என்று இருந்தது. ஸ்பிரேயும் அடித்து முடித்தேன். அன்று சாயங்காலம் அவரிடம் போய், "வண்டி ரொம்ப நாளா நிக்குது. ஒருதரம் எடுத்துப் பாருங்களேன்" என்றேன்.

"யாரக் கொல்லணும்ங்கற?" என்றார்.

மறுநாளும் கேட்டேன். அதற்கடுத்த நாளும். அவர் சாவியைத் தொடவே மாட்டேன் என்றார். என் யோசனை அங்கேயே நின்றுவிட்டது.

தை பிறந்ததும் மகள், "அப்பாவுக்கு ஓட்ட முடியலன்னா எதுக்கு அது நிக்கணும், குடுத்துரலாம்" என்று சொல்லி, தெரிந்தவர்கள் மூலமாக ஒருவரைப் பார்க்க அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். திருமங்கலம் பக்கத்து ஆள். உறையை எடுத்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். வந்தவர் டயரைப் பார்த்தார், என்ஜினைப் பார்த்தார். முன்னால் வந்து குத்த வைத்து உட்கார்ந்தார்.

"அண்ணே, பழைய வண்டின்னாங்க. லைட்டு மட்டும் கண்ணாடியாட்டம் இருக்கு. புதுசு போட்டீங்களா?"

"மாத்தலப்பா. எங்க வீட்ல தேச்சு வச்சது. ஆயுத பூஜைக்குத் தேச்சா. லைட்டுல கொற சொல்ல முடியாது. என் கண்ணுதான் கொற. மறைச்சு விக்கக்கூடாது, சொல்லிர்றேன். இந்த வண்டி ஒரு ஆள இடிச்சிருக்கு. வண்டி மேல தப்பில்ல. ஓட்டுனவனுக்குக் கண்ணு தெரியாமப் போச்சு."

முன்பின் தெரியாத ஒரு ஆளிடம் அப்படிச் சொல்லிவிட்டு, காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். கதவிடுக்கு வழியாக அவர் கை மட்டும் தெரிந்தது.

"அப்ப அப்படி இல்ல" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். நான் கதவை விட்டு வெளியே வந்திருந்தேன். எப்போது வந்தேன் என்று எனக்கு நினைவில்லை.

"என்னது?" என்றார் அவர்.

"இப்ப இருக்குற மாதிரி அப்ப லைட்டு இல்ல. நான் கெடுத்துட்டேன்."

"எதப் போட்டுத் தேச்ச?"

"புளியும் செங்கப் பொடியும்."

"எதால?"

"தேங்கா நாரு."

வந்தவர் லைட்டையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பளிச்சுனு இருந்துச்சே" என்றார் அவர். குரல் மெதுவாக இருந்தது.

"காஞ்சதும் வெள்ளையாப் போச்சு. தேங்காண்ணெயத் தடவுனேன். சொல்லப் பயமா இருந்துச்சு. உங்க கண்ணுல ஒன்னும் இல்லங்க. கடையில கேட்டேன். அந்த லைட்டுல யாரு ஓட்டியிருந்தாலும் தெரிஞ்சிருக்காதாம். போன மாசந்தான் மறுபடி தேச்சு இப்படி ஆக்குனேன்."

"அண்ணே, நான் இன்னொரு நாளைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டு வந்தவர் கிளம்பினார். யாரும் அவரை இருக்கச் சொல்லவில்லை.

அவர் என்னை வைவார் என்று காத்திருந்தேன். வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குனிந்து இரண்டு லைட்டையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு படியேறி உள்ளே போனார். சுவரைத் தொடாமல் போனார்.

அன்று பொழுது மசங்கும்போது சாவியை எடுத்தார். வண்டி பின்னாலேயே போகிற சத்தம் கேட்டது. நன்றாக இருட்டுவதற்குள் திரும்பி வந்துவிட்டார். கட்டிலில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். தட்டு வைத்தேன், சாப்பிட்டார். மூன்று நாள் எங்கள் வீட்டில் பேச்சு இல்லை.

நான்காம் நாள் சாயங்காலம், "சேலைய மாத்திக்கிட்டு வா" என்றார்.

எங்கே என்று கேட்கவில்லை. முன் சீட்டில் உட்கார்ந்தேன். வண்டி திண்டுக்கல் ரோட்டில் ஏறியபோதே தெரிந்துவிட்டது. சமயநல்லூர் தாண்டியதும் அவராகப் பேசினார்.

"கண்ணு போச்சுன்னு நெனச்சப்ப யாரையும் குத்தம் சொல்ல வேண்டியதில்ல. வயசாச்சு, அம்புட்டுத்தான்னு இருந்தேன். இப்ப அப்படி இருக்க முடியல."

"நீங்க சொல்லிருங்களேன் அவங்ககிட்ட."

"நான் போய் என் பொண்டாட்டிதான் காரணம்னா நல்லாவா இருக்கும்? நீ சொல்லு."

வாடிப்பட்டிக்கு முன்னால் பிரிகிற ரோட்டில் திரும்பி, ஒரு ஓட்டு வீட்டு முன்னால் நிறுத்தினார். பால்காரர் உள்ளே கட்டிலில் இருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல். பால் ஊற்றும் வேலையை இப்போது அவர் மனைவிதான் பார்க்கிறாள். அப்போதுதான் வந்து கேனைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே. வாங்கம்மா, உக்காருங்க" என்றார் பால்காரர்.

"தம்பி, இவ ஒன்னு சொல்லணும்னா" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே வண்டிக்குப் போய்விட்டார்.

நான் உட்காரவில்லை. சொல்லி முடிக்க எனக்கு நெடுநேரம் ஆனது. புளி, செங்கல் பொடி, எண்ணெய், சுவரில் பரவின வெளிச்சம், எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் கேனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"அப்ப ரோடு தெரியலையா அண்ணனுக்கு?" என்று அவள் கேட்டாள்.

"ஒன்னும் தெரிஞ்சிருக்காது. என்னாலதான்."

பால்காரர் என்னைப் பார்க்கவில்லை. தன் மனைவியைப் பார்த்தார்.

"நான் ஒறங்கலடி."

அவள் கேனை இன்னொரு கைக்கு மாற்றினாள்.

"அன்னைக்கே சொன்னேன்ல, முழிச்சுக்கிட்டுத்தான் வந்தேன், ஓரமாத்தான் வந்தேன்னு. நீ நம்பல. நீ சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகம் வந்துருச்சு. போலீசு கேட்டப்ப கண்ணு அசந்துருச்சோ என்னமோன்னு வாயத் தொறந்து சொல்லிட்டேன்."

அவள் கேனைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இந்த மனுசன நான் பேசாத பேச்சு இல்லம்மா. ஒறங்கிக்கிட்டு வண்டி ஓட்டி காலத் தொலைச்சவன்னு பிள்ளைக முன்னாடியே பேசியிருக்கேன். ஆஸ்பத்திரியில இருந்தப்பவே வந்து சொல்லியிருக்கலாம்ல நீங்க."

சொல்லியிருக்கலாம். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரி, போயிட்டு வாங்க. இருட்டப் போகுது" என்றாள்.

நான் வெளியே வந்து வண்டியில் ஏறினேன். அவள் பின்னாலேயே வந்தாள். கையில் ஒரு சொம்புத் தண்ணீர். வீடு தேடி வந்தவர்களை நாக்கு நனையாமல் அனுப்பக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதை அவள் டிரைவர் பக்க ஜன்னலில் நீட்டினாள். அவர் வாங்கி அண்ணாந்து குடித்தார். சொம்பை என் பக்கம் கொடுக்கப் போனார். அதற்குள் அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டு, மிச்சத் தண்ணீரை வாசலில் இருந்த செடிக்கு ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

அவர் வண்டியைத் திருப்பி, லைட்டைப் போட்டார். காளவாசல் வருகிறவரை எனக்குத் தாகமாகவே இருந்தது. கதவுப் பையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. எடுக்கவில்லை.